உப்புக் காற்றும் மினுக்கு யந்திரமும்

"மினுக்குதல்" என்னும் சொல்லுக்கு எம்மவரிடையே நற்பெயர் இல்லை. வேலை வெட்டியின்றித் தலைவாரிப் பவுடர் பூசித் திரியும் இளைஞனை "மினுக்கிக்கொண்டு திரிகிறான்" என்பார்கள். பித்தளைச் செம்பைப் புளியும் சாம்பலும் இட்டு மினுக்கும் தாய்மாரை மாத்திரம் எவரும் குறை கூறுவதில்லை. மோட்டார்க் காரை மினுக்குவது இவ்விரண்டில் எதன் பாற்பட்டது என்னும் ஐயம் எம் இல்லத்தில் நெடுநாள் நிலவியது. எம் முற்றத்தில் நிற்பது 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். அதனை மினுக்குவதற்கென மின்சார யந்திரம் ஒன்று வாங்கலாம் என்ற யோசனை எழுந்தபோது வீட்டார் இரு கட்சியாகப் பிரிந்தனர்.

விடத்தல்தீவு என்னும் பெயரைக் கேட்டவுடன் கடல் சூழ்ந்த தீவென்று எண்ணுவோர் பலர். அது தீவன்று; மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில், மன்னாரையும் பூநகரியையும் இணைக்கும் ஏ-32 வீதியை அடுத்து அமைந்த மீன்பிடி ஊர். கண்டல் மரங்களும் சேற்றுத் தரவையும் ஆழமற்ற கடலும் கலந்து கிடக்கும் இக்கரையை 2016 ஆம் ஆண்டில் அரசு இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனஞ் செய்தது. பறவைக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் உகந்த இவ்விடம் தகரத்துக்கு உகந்ததன்று. வைகாசி பிறந்தால் சோளகம் எழும். அது கடல் உப்பையும் தரவைப் புழுதியையும் ஒருங்கே சுமந்து வந்து முற்றத்தில் நிற்கும் எதன்மீதும் அப்பிவிடும். காலையில் துடைத்த கண்ணாடியில் மாலையில் விரலாற் பெயரெழுதலாம். மிகுதியை மாரியில் வரும் வாடைக்காற்று கவனித்துக்கொள்ளும்.

இத்தகைய ஊரில் அறுபது எழுபது ஆண்டுகள் ஒரு கார் நிலைத்திருப்பது சிறிய செய்தியன்று. பெரியப்பா ஆசிரியராயிருந்த காலத்தில் வாங்கிய வண்டி அது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடபுலத்தின் ஏனைய கார்களைப் போலவே இதுவும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடியது. விமானங்களின் கண்ணிற் படாதிருக்கப் பூவரசங் கொப்புகளையும் பனையோலையையும் கூரைமேற் போட்டு மறைத்து வைத்த நாட்களும் உண்டு. 2005 ஆம் ஆண்டில் ஏதோ பழுதுக்கெனக் கொண்டு சென்று மன்னார்ப் பட்டினத்தில் உறவினர் ஒருவரின் கொட்டிலில் விடப்பட்டது, அதனாலேயே தப்பியது. 2008 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் போர் எம் ஊரைக் கடந்து சென்றபோது இங்கு நின்ற வாகனங்களுள் எவை மிஞ்சின என்பதை ஊரவர் அறிவர். மீள்குடியேற்றத்தின் பின் வண்டி வீடு திரும்பியது. பெரியப்பா திரும்பவில்லை. ஆகவே அது இன்று பெரியம்மாவின் கார்.

மொறிஸ் மைனர் ஒன்றும் அரிய வண்டியன்று. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த அது 1948 ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் காட்சியில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் ஆங்கிலக் கார் என்ற பெருமையும் அதற்குண்டு. அந்நிகழ்வைக் கொண்டாடுமுகமாகச் சில நூறு வண்டிகளுக்கு இளம் ஊதா நிறம் பூசினார்களாம். எமக்கு அந்நிறம் வாய்க்காததில் வருத்தமில்லை. எனினும் 2020 ஆம் ஆண்டு பங்குனியில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திய பின்னர், பழைய கார்களின் மதிப்பு ஏறத் தொடங்கியது. 2025 ஆம் ஆண்டு மாசியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தபோதும் புதிய வண்டிகளின் விலை சாதாரண குடும்பங்களின் கைக்கு எட்டவில்லை. உள்ளதைப் பேணுவதே அறிவு என்ற நிலை அவ்வாறு உருவாயிற்று. யந்திரம் வேண்டுமென்ற கட்சியின் முதல் வாதம் இதுவே. அக்கட்சியின் தலைவர் உயர்தரத்தில் பௌதிகம் பயிலும் எம் மருமகன்.

மினுக்கம் என்பது யாது? ஒரு பரப்பு ஒழுங்காயிருப்பின் ஒளி ஒரே முகமாகத் திரும்புகிறது. கரடுமுரடாயிருப்பின் நாற்றிசையும் சிதறுகிறது. குளத்து நீர் அசையாதிருக்கையில் தென்னைமரம் அப்படியே தெரிவதும், காற்றடித்தால் மறைவதும் இதனாலேயே. காரின் பூச்சில் நுண்ணிய கீறல்கள் பல்லாயிரம் விழுந்து கிடக்கின்றன. அவற்றை மேலே எதையேனும் பூசி நிரப்புவதாற் பயன் சில நாட்களே. கீறலின் அடிமட்டத்துக்குச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்துவதே உண்மையான மினுக்கல். அதாவது, மினுக்கும் ஒவ்வொரு முறையும் பூச்சிற் சிறிது குறைகிறது. குறைந்தது மீண்டும் வளராது. தொடங்க விரும்பும் மாணவர்கள் வேறெதை மறந்தாலும் இதனை மறத்தலாகாது. வெயிலில் பொனற்றின் மேல் சிலந்தி வலைபோல் வட்டமாகத் தெரிபவை உண்மையில் வட்டக் கீறல்கள் அல்ல என்று மருமகன் விளக்கினான். கீறல்கள் எத்திசையிலும் ஓடுகின்றன. ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மாத்திரம் பளிச்சிடுவதால் விளக்கைச் சுற்றி வட்டம் போட்டதுபோல் தோன்றுகிறதாம். அவன் கைவிளக்கை நகர்த்த வலையும் கூடவே நகர்ந்தது. எதிர்க்கட்சியில் இருவர் அன்றே எம் பக்கம் வந்தனர்.

கையாலும் மினுக்கலாம். ஆனால் ஒரு பொனற்றை ஒழுங்காக முடிக்குமுன் தோள் கழன்றுவிடும். அழுத்தமும் ஒரே சீராயிராது. யந்திரத்தில் இருவகை உண்டு. ஒன்று, ஒரே அச்சிற் சுழலும் றோட்டரி. கராஜ்களில் நெடுங்காலமாக உள்ளது இதுவே. தேர்ந்தவர் கையில் விரைவாக வேலை செய்யும். தேராதவர் கையில் ஓரிடத்திலே சூடேற்றி, கதவின் விளிம்பிற் சில விநாடிகளிலே தகரத்தைக் காட்டிவிடும். மற்றது டுவல் அக்ஷன் என்னும் இரட்டை அசைவு யந்திரம். இதன் தட்டு தன்னைத்தானே சுற்றுவதோடு சிறு வட்டமொன்றிலும் அலைகிறது. பூமி தன்னைச் சுற்றியபடி சூரியனையும் சுற்றுவதை இங்கு நினைக்கலாம். மிகையாக அழுத்தினால் சுழற்சி நின்று போகும். அதனாற் பூச்சு எரிந்து போகும் ஆபத்து மிகக் குறைவு. வீட்டில் விருப்பத்துக்காகத் தொடங்குவோர்க்கு இதுவே உகந்தது என்பது எம் உறுதியான கருத்து. 15 மில்லிமீற்றர் அலைவும் 5 அங்குலத் தட்டும் உடையது போதும். பெரிய தட்டு வேலையைக் குறைக்கும் என்பார்கள். மைனரின் உருண்டைக் கன்னங்களிலோ அது எங்கும் படியாது.

யந்திரத்துக்கான தொகை சேர்ந்துவிட்டது. ஆயினும் அது உடனே வாங்கப்படவில்லை. நல்ல வெளிச்சத்தில் காரைச் சுற்றிப் பார்க்கையில், இடப்புறக் கதவின் கீழுள்ள படியில் பூச்சு கொப்புளித்திருந்தது. பேனாமுனையால் அழுத்த, உள்ளே சென்றது. இத்தகைய துரு பெரும்பாலும் மேலிருந்து கீழே போவதில்லை. உள்ளிருந்து வெளியே வருவது. கொப்புளம் தெரியும்போது உள்ளே தகரம் பெரும்பாலும் தின்னப்பட்டிருக்கும். பாரவண்டிகளைப் போல மைனருக்கு அடியிலே தனிச் சட்டமில்லை. அதன் உடலே அதன் எலும்பு. படி உக்கினால் வண்டி நடுவே தொய்யும். அதே வாரத்தில் காரை விலைக்குக் கேட்டு வந்த ஒருவர், "உதுக்கு ஏன் அம்மா வெல்டிங்? மேலாலை பட்டி வைச்சு அடிச்சு மினுக்கிவிடுங்கோ, ரெண்டு மடங்கு போகும்" என்று யோசனை கூறினார். பெரியம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். யந்திரத்துக்கான பணம் டிங்கர் வேலைக்காரரிடம் போயிற்று. உக்கிய பகுதி வெட்டப்பட்டுப் புதிய தகரம் பற்றவைக்கப்பட்டது. யந்திரம் ஐந்து மாதம் பிந்தியது. கடற்கரை ஊர்களில் வாழ்வோர் மினுக்கத்தைப் பற்றி நினைக்குமுன் வண்டியின் கீழே படுத்துப் பார்ப்பது நன்று.

அடுத்த சிக்கல் நீர். எம் கிணறு உவர். அந்நீரிற் கழுவி வெயிலில் விட்டால் உப்பும் சுண்ணாம்பும் வெள்ளை வெள்ளைப் பொட்டாகப் படிந்து பூச்சையே அரிக்கும். மாரியிற் சேர்த்த மழைநீர் பெரியம்மாவின் ஆட்சிக்குட்பட்டது, அது குடிப்பதற்கு. பேச்சுவார்த்தையின் முடிவில் எமக்கு இரண்டு வாளி அனுமதிக்கப்பட்டது. ஆகவே முதற் கழுவல்களை உவர்நீரிலே, பூவரசு நிழலில், தகரம் குளிர்ந்திருக்கும் அதிகாலையில் நடத்தினோம். ஒரு வாளியிற் சவர்க்கார நீர், மறு வாளியில் துணியை அலசும் நீர். துணியிற் சிக்கிய மணல் மீண்டும் காருக்குப் போகாதிருக்கவே இந்த ஏற்பாடு. சட்டி கழுவும் தூள் ஆகாது. கடைசிக் கழுவல் மழைநீரில். அது காயுமுன் மென்துணியால் ஒற்றி எடுத்தல். தேய்த்தல் கூடாது.

கழுவிய பின்னும் பூச்சில் ஒட்டிய இரும்புத் துகள், மரப்பிசின் முதலியன நிற்கும். பொலித்தீன் பையொன்றைக் கையில் மாட்டிக்கொண்டு தடவினால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். இதற்கெனவே விற்கப்படும் களிக் கட்டியைச் சவர்க்கார நீர் தெளித்து மெல்ல இழுத்தால் அவை கட்டியில் ஏறிவிடும். கட்டி நிலத்தில் விழுந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். மணல் ஏறிய கட்டி அரமாகிவிடும்.

மன்னாரிலுள்ள பூச்சு வேலைக்காரர் ஒருவர், பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவியை இரண்டு நாள் இரவல் தந்தார். இதில் அளவு மைக்ரோன். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரோன் என்றால் விடயம் விளங்கும். கதவுகளில் 200க்கு மேல் காட்டியது. பழைய பூச்சின் மேல் மீண்டும் பூசியிருந்தார்கள். பின்மட்காட்டில் ஓரிடத்தில் 1000ஐயும் தாண்டியது, அங்கே பட்டி. கூரையிலோ 80, 75, சில இடங்களில் 60. எம் காரின் வாழ்க்கை வரலாற்றை அதுவரை எவரும் அவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை. இக்காலத்து ஜப்பானியக் கார்களில் நிறப்பூச்சின் மேல் கிளியர் என்னும் நிறமற்ற படை உண்டு. அதன் தடிப்பு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரோன் வரை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அப்படையிலேயே இருக்கிறது. புதிய கார் என்று ஆண்டுதோறும் ஆசையாகத் தேய்ப்பவர்கள் தம் குடையைத் தாமே கிழிக்கிறார்கள்.

வேலை தொடங்கியது ஆடி மாதக் கடைசியில். ஆவணி 15 ஆம் திகதி மடுத் திருவிழா. அதற்குக் காரிலேதான் போவது என்று பெரியம்மா தீர்மானித்திருந்தார். சோளகம் பலமாக வீசும் காலம். காலை எட்டு மணிக்குக் காற்று எழுந்துவிட்டால் புழுதியும் எழும்; புழுதியோடு மினுக்குவது மணற்றாளால் துடைப்பதற்குச் சமம். எனவே ஐந்தரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடிப்பது. றப்பர் விளிம்பு, நிக்கல் பட்டி, கூரான மடிப்பு ஆகியவற்றுக்கெல்லாம் மாஸ்கிங் ரேப் ஒட்டினோம். பூச்சு மிக மெல்லியதாயிருப்பது மடிப்புகளிலேதான். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடுமாதலால் மூக்குக்கும் வாய்க்கும் மறைப்பு. வயரைத் தோளின் மேலாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஈர முற்றத்தில் மின்சாரம் பாவிப்பவர்கள் வீட்டு ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும்.

கதவின் நடுவே இரண்டடிச் சதுரத்தைத் தெரிந்து அதையே பரீட்சைக் களமாக்கினோம். மிக மென்மையான நுரைத் தட்டும் மிக மென்மையான பொலிஷும் முதலில். அதுவே போதுமானால் கடுமையானதை எடுக்கவே கூடாது. போதாவிட்டால் ஒருபடி மேலே. எம் காருக்கு நடுத்தரத் தட்டும் நடுத்தரக் கொம்பவுண்டும் தேவைப்பட்டன. தட்டில் கடலைப் பருமனில் மூன்று நான்கு துளி. மெல்லிய வேகத்திற் பரப்பிவிட்டு, பின் வேகத்தை நான்குக்கோ ஐந்துக்கோ ஏற்றி, பாதிக்குப் பாதி மேல்விழும்படி இடம் வலமாக ஒருமுறை, மேல் கீழாக ஒருமுறை. கை விநாடிக்கு ஓரங்குலத்துக்கு மேல் நகரலாகாது. இதுவே எல்லாவற்றிலும் கடினம். யந்திரம் இரைவதைக் கேட்டவுடன் மனிதனுக்கும் அவசரம் பிறந்துவிடுகிறது. தட்டின் விளிம்பில் கறுப்புக் கோடொன்று இட்டு வைத்தோம். கோடு சுற்றுவது தெரியாமல் நின்றால் அழுத்தம் மிகை என்று பொருள். யந்திரத்தின் பாரத்தோடு கையின் பாரம் சிறிது சேர்ந்தாற் போதும்.

முதற் சதுரம் முடிந்தபோது தட்டு முழுதும் பச்சையாகியிருந்தது. பழைய ஒற்றைப் பூச்சில் இது இயல்பு. வெயிலில் இறந்துபோன நிறமே தூளாகி வருகிறது. படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அயல் வீட்டுச் சம்மாட்டியாருக்கு அது இயல்பாகத் தோன்றவில்லை.

"என்ன மாஸ்டர், காரின்ரை தோலை உரிச்சுப் போட்டியள் போலை?"

"இல்லை அண்ணை, ஊத்தைதான்."

"ஊத்தை பச்சையோ?"

மருமகன் துணியால் துடைத்தான். நரைத்த கதவின் நடுவே இரண்டடிக்கு ஒரு கடும்பச்சைச் சதுரம்; அதற்குள் பூவரசமும் படலையும் சம்மாட்டியாரும். அவர் உள்ளே வந்து தம் முகத்தைப் பார்த்தார். மறுநாளும் வந்தார். ஒவ்வொரு சதுரத்துக்கும் பின் தட்டைத் தூரிகையால் துப்புரவாக்கும் பொறுப்பை மூன்றாம் நாள் தாமாகவே ஏற்றுக்கொண்டார். நான்கு கதவு, மட்காட், பொனற், பின்மூடி என்று ஒன்பது காலைகள் சென்றன.

எஞ்சியது கூரை. கொப்புகள் போட்டு மறைத்த நாட்களின் கீறல்கள் அங்கே நீளநீளமாகக் கிடந்தன. மற்றையவற்றைப் போல் இவற்றையும் எடுத்துவிட வேண்டுமென மருமகன் துடித்தான். வெயிலில் நின்ற ஒரு கூரை மட்டும் நரைத்திருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. அவ்வயதில் எமக்கும் பொறுத்திராது. நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தோம். நகம் தடக்கியது. நகம் தடக்கும் கீறலை மினுக்கி எடுக்கப் போவது, பள்ளம் தீரும் வரை ஊரை வெட்டித் தாழ்த்துவது போன்றது. அறுபது மைக்ரோனில் அதற்கு இடமில்லை. ஆயினும் கார் பெரியம்மாவினது, தீர்ப்பும் அவருடையது. அந்தக் கீறல்களோடு அவருக்கு வேறு கணக்கும் இருக்கலாமென்று எண்ணி, சற்றுத் தயங்கியே கேட்டோம். அவர் வெளியே வந்து, இடுப்பிற் கைவைத்துக் கூரையைப் பார்த்தார்.

"தேய்ச்சால் தகரம் தெரியுமோ?"

"தெரியும், பெரியம்மா."

"அப்ப விடுங்கோ."

அவ்வளவே. மென்தட்டாலும் மென்பொலிஷாலும் இரண்டே தரம் மேலோட்டமாக ஓட்டி நரையை மாத்திரம் எடுத்தோம். பச்சை திரும்பியது, கீறல்கள் இருந்தபடியே இருந்தன. மருமகன் அன்று முழுதும் அதிகம் பேசவில்லை.

மினுக்கிய பூச்சு வெறுமையானது. அதற்குக் காப்பு வேண்டும். இக்காலத்தில் பலவகை இரசாயனக் காப்புகள் உள. நாம் எடுத்தது கார்னோபா மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்கிலே வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து அதனைப் பெறுகிறார்கள். வரட்சியில் நீர் ஆவியாகாதிருக்க அம்மரம் தன் ஓலைக்கு இடும் பூச்சு அது. பனையை நம்பி வாழ்ந்த நாட்டவர்க்கு அதன் தூரத்து உறவினர் ஒருவர் கடல் கடந்து வந்து உதவுவதில் ஒரு பொருத்தம் தோன்றியது. மெல்லியதாகப் பூசி, மங்கியதும் துடைத்துவிட வேண்டும். உப்புக் காற்றில் இது நெடுநாள் நில்லாது. இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை மெழுகு. மினுக்கலோ இனிப் பல ஆண்டுகளுக்கு இல்லை.

மடுவுக்குப் போய் வந்த கார் செம்புழுதி போர்த்துத் திரும்பியது. வழியில் எவரும் அதன் மினுக்கத்தைப் பார்த்திருக்க நியாயமில்லை. மழைநீரில் மேலும் இரண்டு வாளி தரப்பட்டது, கழுவினோம், கீழே பச்சை அப்படியே இருந்தது. அடுத்த கிழமை சம்மாட்டியார் தம் பைபர் கிளாஸ் படகைக் காட்டி, வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பாகிப்போன அதன் அணியத்துக்கும் இவ்வைத்தியம் பலிக்குமா என்று கேட்டார். பலிக்கும். படகின் மேற்படை கார்ப் பூச்சைவிடப் பல மடங்கு தடிப்பு; ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அங்கே கை தாராளமாக வேலை செய்யலாம். மருமகனின் முகம் அன்றுதான் மீண்டும் மலர்ந்தது. இரண்டு காலை வேலை. கூலி நண்டாக வந்தது.